விம்ப், ஆக்சியான், ஸ்டெரைல் நியூட்ரினோ: கரும்பொருள் ஆய்வுக்கு எந்தத் துகளை எடுப்பது?

போன மாதம் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் ஓசூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி ஓடி வந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். பாலக்கோட்டுப் பெண், இப்போது முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு. பக்கத்தின் நடுவே மூன்று பெயர்கள் இருந்தன: விம்ப், ஆக்சியான், ஸ்டெரைல் நியூட்ரினோ. மூன்றும் கரும்பொருளாக இருக்கலாம் என்று கருதப்படும், இன்னும் யாரும் கண்டிராத துகள்கள். ஒன்றுக்கு டிக் போட்டு, அதை அடித்துவிட்டு, இன்னொன்றுக்குப் போட்டு, மறுபடியும் பழையதற்கே திரும்பி, தாள் அந்த இடத்தில் நைந்துபோயிருந்தது.

"சார், ப்ராஜெக்டுக்கும் பிஎச்.டி.க்கும் ஒரே தலைப்பாக எடுத்துவிட்டால் நல்லது என்கிறார்கள். கரும்பொருள் என்று முடிவு செய்துவிட்டேன். இந்த மூன்றில் எதை எடுக்கட்டும்?"

பதில் சொல்லி முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. இதே கேள்வியைத் தர்மபுரியிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் வேறு சிலர் கேட்டிருக்கிறார்கள். ஐந்தாறு வருட வாழ்க்கையை ஒப்படைக்கும் முடிவு இது. பஸ் படிக்கட்டில் நின்று சொல்லும் பதில் போதாது என்பதால் எழுதுகிறேன்.

## ஒரு சொம்புக்குள் என்ன இருக்கிறது?

அடிப்படை உங்களுக்குத் தெரியும். 1933இல் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி, கோமா கொத்திலுள்ள விண்மீன் மண்டலங்கள் கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்புக்குக் கட்டுப்படாத வேகத்தில் ஓடுவதைக் கண்டார். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடாவின் சுழற்சியை அளந்தார்கள். மையத்தைவிட்டு விலகிப் போனாலும் வேகம் குறையவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பொருள் ஈர்த்துப் பிடித்திருக்கிறது; அதைத்தான் கரும்பொருள் என்கிறோம். பிளாங்க் விண்கலத்தின் 2018 கணக்குப்படி, அண்டத்தில் சாதாரணப் பொருளைப் போல ஐந்து மடங்குக்குச் சற்று அதிகமாகக் கரும்பொருள் இருக்கிறது.

மூன்று துகள்களும் எவ்வளவு வேறுபட்டவை என்பதை நான் வகுப்பில் ஒரு சொம்பை வைத்துத்தான் காட்டுவேன். துகள்களின் நிறையையும் ஆற்றலையும் அளக்கும் அலகு இவி, அதாவது எலக்ட்ரான் வோல்ட். கேஇவி ஆயிரம் இவி, ஜிஇவி நூறு கோடி இவி, மைக்ரோ இவி ஒரு இவியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நாம் இருக்கும் இடத்தில் கரும்பொருளின் அடர்த்தி, கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.3 ஜிஇவி. ஒரு லிட்டர் சொம்பில் இருப்பது ஏறத்தாழ 300 ஹைட்ரஜன் அணுக்களின் எடை. அந்த எடை மாறாது. எத்தனை துகள்களாகப் பிரிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. 100 ஜிஇவி நிறையுள்ள விம்ப் என்றால் சொம்பில் மூன்றே மூன்று. 7 கேஇவி ஸ்டெரைல் நியூட்ரினோ என்றால் நான்கு கோடிக்கு மேல். 10 மைக்ரோ இவி ஆக்சியான் என்றால் சுமார் 300 கோடி கோடி. மூன்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பிடிக்கலாம். 300 கோடி கோடியை எண்ண முடியாது. அது துகள் கூட்டம் என்பதைவிட அலை என்றே நடந்துகொள்ளும். தேடும் கருவியும் தேடுபவர் கற்கும் தொழிலும் அதனாலேயே மாறிவிடுகின்றன.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் நான்கு கேள்விகள் கேட்பேன். கரும்பொருள் என்ற ஒன்று தெரியாமலே போயிருந்தாலும், இந்தத் துகள் வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டிருக்குமா? அண்டத்தில் இருக்கும் அளவு, கணக்கில் தானாக வருகிறதா, நாம் இழுத்துப் பொருத்த வேண்டியிருக்கிறதா? தேட வேண்டிய பரப்பில் எவ்வளவு ஏற்கெனவே தேடி முடிந்துவிட்டது? நான்காவது, எனக்கு மிக முக்கியமானது: துகள் கிடைக்காவிட்டால் உங்கள் கையில் என்ன மிஞ்சும்?

நான்காவது கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டது கோலார் தங்கவயலிடமிருந்து. என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நம் பகுதியில் அப்படிப்பட்ட தாத்தா இல்லாத தெருக்கள் குறைவு. தாத்தாவின் காலத்திலேயே டாடா ஆராய்ச்சி நிலையத்தார் அந்தச் சுரங்கத்துக்குள் கருவிகளோடு இறங்கினார்கள். விண்ணிலிருந்து விழும் காஸ்மிக் கதிரால் உண்டாகும் மியூவான்கள் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்கள்) ஆழம் போகப்போக எப்படிக் குறைகின்றன என்று அளப்பதுதான் வேலை. மிக ஆழமான இடத்தில் கருவியை வைத்து வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒரு மியூவான்கூட பதிவாகவில்லை. அளக்கப் போனவர்களுக்கு அது வெறுங்கைதான். ஆனால் பி.வி. ஸ்ரீகண்டன் முதலானோர் அந்த வெறுமையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள்: இவ்வளவு நிசப்தமான இடம் என்றால், எதையும் எளிதில் தொடாமல் பாறையையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோவைக் கேட்க இதைவிட நல்ல இடம் எது? 1965இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்து, உலகில் முதலில் வெளியிட்டவர்களில் அந்த இந்திய, ஜப்பானிய, பிரிட்டன் குழுவும் ஒன்று. அதே ஆண்டு அக்டோபரில்தான் சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி மாவட்டம் உருவானது.

கரும்பொருள் தேடலில் இதுவரை எல்லாருக்கும் கிடைத்திருப்பது வெறுங்கை. ஆகவே எந்த வெறுங்கைக்கு மதிப்பு அதிகம் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

## விம்ப்

விம்ப் என்றால் வலுக்குறைந்த விசையோடு மட்டும் வினைபுரியும் கனமான துகள்.

தேவை. ஒருகாலத்தில் வலுவாக இருந்தது. தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடித் துகள் உண்டு என்னும் மீச்சீர்மைக் கோட்பாடு முன்வைத்த புதிய துகள்களில், நிலையான, மின்னூட்டமற்ற, கனமான ஒன்று தானாகவே கிடைத்தது. 2010 முதல் பெரிய ஹாட்ரான் மோதுவி தேடியும் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் தட்டுப்படவில்லை. கோட்பாடு பொய்த்துவிட்டது என்று சொல்ல முடியாது. தேவையின் அவசரம் குறைந்துவிட்டது.

அளவு. இங்கே விம்ப்புக்கு நிகர் இல்லை. ஆதி அண்டத்தின் வெப்பத்தில் பிறந்து, அண்டம் விரிந்து ஆறியபோது ஒன்றையொன்று அழிக்க ஆள் கிடைக்காமல் மிஞ்சிய துகள்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டால், வலுக்குறைந்த விசையின் அளவுக்கு ஒத்த வினைத்திறனே இன்று காணும் கரும்பொருளைத் தந்துவிடுகிறது. இந்தக் கணக்கை மாணவர்கள் முதன்முறை போட்டு முடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

தேடல். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், கோலாரைப் போலவே மூடப்பட்ட ஒரு தங்கச் சுரங்கத்தில், ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் எல்இசட் கருவி இருக்கிறது. உள்ளே 10 டன் திரவ செனான். 280 நாள் தரவோடு 2024இல் வெளிவந்த முடிவிலும் விம்ப் இல்லை. வினைப்பரப்பு, அதாவது விம்ப் அணுக்கருவைத் தட்டும் வாய்ப்பின் அளவு, அதன் எல்லை 10⁻⁴⁸ சதுர சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டது. இதற்கும் கீழே போனால் சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களே செனான் அணுக்கருவைத் தட்ட ஆரம்பிக்கும். இதே வகைக் கருவிகளான செனான்என்டி, பாண்டாஎக்ஸ் இரண்டும் 2024இல் அதன் முதல் அறிகுறிகளைப் பார்த்துவிட்டன. மார்கழி விடியலில் தளி சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது புரியும்: எதிரே லாரி வருகிறதா, பனிதானா என்று சொல்ல முடியாத இடத்துக்குத் தேடல் நெருங்குகிறது.

மறைந்திருக்கும் செலவு. எல்இசட் போன்ற குழுவில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். ஐந்து வருடத்தில் நீங்கள் தனியாக இது என்னுடையது என்று காட்டக்கூடியது, ஒரு பின்னணி அளவீடோ ஒரு மென்பொருள் பகுதியோதான். கோட்பாட்டுப் பக்கம் போனால் வேறு ஆபத்து: சோதனை எல்லை இறங்கும்போதெல்லாம் மாதிரியை அதற்கும் கீழே நகர்த்திக்கொண்டே இருக்கும் வேலையாகிவிடும். இதை நான் உங்களுக்கு விரும்பவில்லை.

கையில் மிஞ்சுவது. பின்னணிக் கதிர்வீச்சை அடக்கி அளக்கும் கலை. இதற்கு நம் மாவட்டத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது, காரணம் கிரானைட்.

போன ஆண்டு என் மாணவர்கள் இரண்டு பாறைத் துண்டுகளைச் சோடியம் அயோடைடு படிகக் கருவிக்கு முன் மாறி மாறி வைத்தார்கள். ஒன்று இளஞ்சிவப்புக் கிரானைட், மற்றது வீட்டு வாசற்படிக்குப் போடும் கறுப்புக் கல். இரண்டும் உள்ளங்கை அளவு. சிவப்புத் துண்டை வைத்ததும் கருவியின் ஆற்றல் வரைபடத்தில் 1460 கேஇவி இடத்தில் ஒரு மேடு மெல்ல எழுந்தது. அது பொட்டாசியம்-40. தோரியத்தின் வழித்தோன்றல் தரும் 2614 கேஇவி மேடும் வலது ஓரத்தில் தலைகாட்டியது. கறுப்புக் கல்லை வைத்தபோது பொட்டாசிய மேடு பாதிகூட எழவில்லை. சிவப்புக் கல்லில் பொட்டாசிய ஃபெல்ஸ்பார் அதிகம் என்று புவியியல்காரர்கள் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். ஆனால் தன் ஊர்க் கல் தன் கண்ணெதிரே எண்ணிக்கையாக மாறுவதைப் பார்த்த பையன் அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை.

அதே சோடியம் அயோடைடுதான் இத்தாலியின் டாமா சோதனையிலும் இருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் ஏறி டிசம்பரில் இறங்கும் ஒரு சமிக்ஞை தெரிகிறது, அது கரும்பொருள் என்று அவர்கள் கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்கிறார்கள். அவர்கள் சமிக்ஞை தேடும் 2 முதல் 6 கேஇவி வரையிலான பகுதிக்குள்ளேயே, படிகத்தில் ஒட்டியிருக்கும் பொட்டாசியம்-40 சிதையும்போது 3.2 கேஇவி ஆற்றல் விழுகிறது. தென்கொரியாவின் கோசைன், ஸ்பெயினின் அனாய்ஸ் இரண்டும் அதே வகைப் படிகத்தை வைத்துத் தேடின. அந்த ஏற்ற இறக்கம் அவற்றில் தெரியவில்லை. கிரானைட் மேட்டைக் கண்ணால் பார்த்தவருக்கு இந்த வாதம் முழுதும் விளங்கும். இந்தியாவில் தொடர வேண்டுமானால் ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், கொல்கத்தாவின் சாகா அணுக்கரு இயற்பியல் நிலையத்தார் அமைத்த ஆய்வகம் இருக்கிறது.

## ஆக்சியான்

தேவை. மூன்றில் இதற்குத்தான் மிக உறுதியான காரணம் இருக்கிறது. நியூட்ரானுக்குள் மின்னூட்டமுள்ள குவார்க்குகள் இருக்கின்றன. வலு விசையின் சமன்பாட்டில் ஒரு கோணம் இருக்கிறது. அந்தக் கோணம் பூஜ்யமாக இல்லாவிட்டால் நியூட்ரான் ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் என்று மின்சாய்வு காட்ட வேண்டும். எவ்வளவு நுட்பமாக அளந்தும் சாய்வு தெரியவில்லை. கோணம் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. ஏன் இப்படி? 1977இல் பெச்சேயும் க்வின்னும் சொன்ன விடை, அந்தக் கோணம் தானாகவே பூஜ்யத்துக்கு உருண்டு வரும் ஒரு புலம் என்பது. மறு ஆண்டு வைன்பர்க்கும் வில்செக்கும் அப்படியானால் ஒரு துகள் இருந்தே தீர வேண்டும் என்று காட்டினார்கள். அழுக்கைப் போக்குகிறது என்று ஒரு சலவைத்தூளின் பெயரை அதற்கு வைத்தவர் வில்செக். கரும்பொருளை விளக்குவதற்காக அவர்கள் அதைத் தேடவில்லை. வேறு கணக்கில் பிறந்த துகள் இந்தக் கணக்குக்கும் பொருந்துகிறது என்பதே எனக்கு அதன்மேல் இருக்கும் நம்பிக்கைக்குக் காரணம்.

அளவு. விம்ப் போலத் தானாக வராது. அந்தப் புலம் ஆரம்பத்தில் எந்தக் கோணத்தில் நின்றது என்பதைப் பொறுத்தது. ஆனால் கணக்கு அழகானது: விரியும் அண்டத்தின் உராய்வில் ஆடும் ஊசல். இளங்கலையில் போட்ட தணிவுறு அலைவுச் சமன்பாடுதான். ஒரு மடிக்கணினியில், ஒரு செமஸ்டரில் முடிக்கலாம்.

தேடல். 1983இல் பியேர் சிக்கிவி வழி சொன்னார். வலுவான காந்தப்புலத்துக்குள் ஓர் உலோக உருளையை வைத்தால் ஆக்சியான் நுண்ணலையாக மாறும். உருளையின் ஒத்ததிர்வை ஆக்சியானின் நிறைக்கு ஏற்ற அலைவரிசைக்குத் திருப்பிவிட வேண்டும். நிறை தெரியாததால் பண்பலை வானொலியின் குமிழைத் திருகுவது போல மெல்லத் திருகிக்கொண்டே போக வேண்டும். தர்மபுரி வானொலியின் அலைவரிசை ஏறத்தாழ 0.4 மைக்ரோ இவிக்குச் சமம். அமெரிக்காவின் சியாட்டிலில் இப்படித் தேடும் ஏடிஎம்எக்ஸ் குழு 2018 முதல் 2021 வரை வெளியிட்ட முடிவுகளில் 2.7 முதல் 4.2 மைக்ரோ இவி வரை தேடியிருக்கிறது. கிட்டத்தட்ட செல்போன் கோபுரங்கள் பேசும் பகுதி. வரக்கூடிய சமிக்ஞை 10⁻²³ வாட் அளவு. தேடி முடித்தது, தேட வேண்டியதில் ஒரு கீற்று.

1 ஜிகாஹெர்ட்ஸில் அதிரும் உருளைக்கு விட்டம் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். 23 சென்டிமீட்டர். வீட்டில் அரிசி போட்டு வைக்கும் எவர்சில்வர் டிரம் அளவு. மூடியை நன்றாக அழுத்திப் பொருத்தி, சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கையடக்க நெட்வொர்க் அனலைசரை இணைத்தால், திரையில் கூர்மையான பள்ளம் விழும். உள்ளே ஒரு கம்பியை நகர்த்தினால் பள்ளமும் நகரும். ஆக்சியான் கிடைக்காது; ஆனால் ஏடிஎம்எக்ஸ் என்ன செய்கிறது என்பது கைவிரலுக்குத் தெரிந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு. பொறுமை, பிறகு தூரம். ஒவ்வொரு அலைவரிசையிலும் நின்று கேட்க வேண்டியிருப்பதால் வருடங்கள் ஓடும். பெரிய கருவிகள் அமெரிக்கா, தென்கொரியா, ஐரோப்பாவில் இருக்கின்றன. வீட்டை விட்டு நெடுங்காலம் தள்ளியிருக்க முடியாத சூழ்நிலை இருந்தால், அதை இப்போதே வெளிப்படையாக யோசித்துக்கொள்ளுங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் வீட்டில் இந்தப் பேச்சு கடைசி நேரத்தில் வெடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கையில் மிஞ்சுவது. மிகக் குளிர்ந்த நிலையில், மிகக் குறைந்த இரைச்சலில் நுண்ணலையைப் பெருக்கும் திறமை. குவாண்டம் கணினிக்கும் இதே பெருக்கிகள்தான் வேண்டும். ஒன்றிய அரசு 2023இல் ஒப்புதல் தந்த தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெங்களூரு இராமன் ஆராய்ச்சி நிலையத்தார் ஆதி அண்டத்தின் வானொலி சமிக்ஞையைத் தேட, சாரஸ் என்ற கருவியைக் கர்நாடக ஏரித் தண்ணீரில் மிதக்கவிட்டு அளந்தார்கள். இரைச்சலை அடக்கும் இந்தத் தொழில் ஓசூரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்திலேயே இருக்கிறது.

## ஸ்டெரைல் நியூட்ரினோ

தேவை. நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பது 1998இல் சூப்பர் கமியோகாண்டேயில் உறுதியானது. அந்த நிறை எங்கிருந்து வந்தது என்பதற்கு எளிய விடை, ஈர்ப்பைத் தவிர வேறு எந்த விசையோடும் பேசாத ஒரு வலக்கை நியூட்ரினோ. அதைத்தான் ஸ்டெரைல் நியூட்ரினோ என்கிறோம். சாதாரண நியூட்ரினோவையே கரும்பொருளாக எண்ணிப் பார்த்தவர்களில் நம் நாட்டின் ராமநாத் கௌசிக் முன்னோடி. 1970களின் தொடக்கத்தில் மெக்லெலண்டோடு சேர்ந்து எழுதினார். சாதாரண நியூட்ரினோ அதற்குப் போதாத அளவுக்கு இலேசானது, வேகமானது என்று பிறகு தெரிந்தது.

அளவு. 1994இல் டோடல்சனும் விட்ரோவும் காட்டிய எளிய பிறப்பு வழி, முழுக் கரும்பொருளுக்கும் போதாது என்று இன்று அடைபட்டுவிட்டது. சிக்கலான வழிகள் மிஞ்சியிருக்கின்றன.

தேடல். 7 கேஇவி துகள் மிக அரிதாகச் சிதைந்தால் 3.5 கேஇவி எக்ஸ் கதிர் வரும். 2014இல் விண்மீன் மண்டலக் கொத்துகளின் எக்ஸ் கதிர் நிறமாலையில் அப்படி ஒரு கோடு தெரிவதாக இரண்டு குழுக்கள் எழுதின. எத்தனை பேர் தூக்கம் இழந்தோம்! ஆனால் அதே இடத்தில் சூடான வாயுவிலுள்ள ஒரு தனிமமும் கோடு போடும். எந்தத் தனிமம்? பொட்டாசியம். கிரானைட்டில், டாமாவின் படிகத்தில், இப்போது பெர்சியஸ் கொத்திலும் அதேதான். ஹிட்டோமி விண்கலம் 2016இல் பெர்சியஸில் பார்த்தபோது எதிர்பார்த்த வலிமையில் கோடு இல்லை. 2020இல் நம் மண்டலத்தின் வெற்றுப் பகுதிகளின் தரவை அலசியவர்களும் இல்லை என்றார்கள். 2023இல் ஏவப்பட்ட எக்ஸ்ரிசம் விண்கலம் இன்னும் கூர்மையாகப் பார்க்கிறது.

காவலூர் வானாய்வகம் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே பார்க்கலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். எக்ஸ் கதிர் வளிமண்டலத்தைத் தாண்டி வராது. காவலூர் ஒளி அலைக்கானது.

மறைந்திருக்கும் செலவு. நீங்கள் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும்போதே கேள்வி முடிந்துவிடலாம். கையில் மிஞ்சுவது. எக்ஸ் கதிர் நிறமாலையைப் பிரித்துப் படிக்கும் திறமை. தரவும் மென்பொருளும் இலவசம். இணைய இணைப்பும் மடிக்கணினியும் போதும். நல்ல ஆய்வகம் இல்லாத கல்லூரியில் படிப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

## ஒரே பார்வையில்

| | விம்ப் | ஆக்சியான் | ஸ்டெரைல் நியூட்ரினோ |
|---|---|---|---|
| வேறு காரணத் தேவை | குறைந்துவிட்டது | மிக வலுவானது | வலுவானது |
| அளவு பொருந்துவது | தானாக வருகிறது | ஆரம்பக் கோணத்தைப் பொறுத்தது | எளிய வழி அடைபட்டது |
| தேடி முடித்த பரப்பு | பெரும்பகுதி | ஒரு கீற்று | 7 கேஇவி அருகே பெரும்பாலும் |
| உள்ளூரில் தொடங்க | பாறை, சோடியம் அயோடைடு | டிரம், மடிக்கணினி | மடிக்கணினி மட்டும் |
| பெரிய செலவு | கூட்டத்தில் ஒருவராவது | காலமும் தூரமும் | கேள்வியே முடிந்துவிடலாம் |

கரும்பொருளுக்கு வேறு வேட்பாளர்களான கரும் ஃபோட்டான், ஆதிக் கருந்துளை பற்றியும் சிலர் கேட்டார்கள். கருந்துளை துகள் அல்ல. கரும் ஃபோட்டானுக்கு இங்கிருந்து தொடங்க வழிகாட்டி கிடைப்பது கடினம். இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

## யாருக்கு எது?

சாலிடரிங் இரும்பைப் பிடிக்கத் தயங்காதவருக்கு, நுண்ணலையோ மின்னணுவியலோ பிடித்தவருக்கு ஆக்சியான். என் சொந்த வாக்கும் அதற்கே. குடும்பச் சூழ்நிலையால் ஊரை விட்டு அதிகம் நகர முடியாதவர், நிரல் எழுதத் தெரிந்தவர், முதலில் எக்ஸ் கதிர் தரவோடு தொடங்கலாம். அந்தத் திறமை பிறகு கருந்துளைக்கும் நியூட்ரான் விண்மீனுக்கும் பயன்படும். பெரிய குழுவில் உழைப்பதில் மகிழ்ச்சி காண்பவருக்கு, அளவீட்டில் பிடிவாதம் உள்ளவருக்கு விம்ப் இன்னும் கௌரவமான வழி. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள் இந்த எண்ணையும் கேள்விகளோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பாலக்கோட்டு மாணவிக்கு: ப்ராஜெக்டுக்கும் பிஎச்.டி.க்கும் ஒரே தலைப்பு வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. நான்கு மாத வேலைக்கு ஐந்து வருடத் துகள் தேவையில்லை. ப்ராஜெக்டுக்குக் கிரானைட்டை எடு. எந்தக் கல்லில் எவ்வளவு பொட்டாசியம், சுற்றுச்சுவராக வைக்கும் ஈயம் எத்தனை சென்டிமீட்டர் ஆனால் மேடு அடங்குகிறது என்று அளந்து எழுது. மாலை நேரத்தில் ஆக்சியானின் அந்த ஊசல் சமன்பாட்டைப் போட்டுப் பார். உனக்கு எது இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதோ, அதைப் பார்த்துக்கொண்டு பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம்.

எங்கள் துறையின் சோடியம் அயோடைடு கருவி டிசம்பர் விடுமுறையில் காலியாக இருக்கும். கெலமங்கலம், பர்கூர், பாலக்கோடு என்று மூன்று திசையிலிருந்தும் உள்ளங்கை அளவுக் கற்கள் வேண்டும். எந்தக் குவாரி, எந்த ஆழம் என்று துணியில் எழுதிக் கட்டிக் கொண்டுவரவும்.